படி இறங்கும்போது மட்டும் தொடை வலிப்பது ஏன்?

தம்பி, சிவராத்திரிக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிவன் கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டம் முடிந்து இரண்டு நாளாகியும் படி இறங்கினால் முன்தொடையில் உயிர் போகிறது, ஏறும்போது அவ்வளவு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். முஞ்சிறையில் தொடங்கி நட்டாலம் வரை 12 கோயில், நம்மூர் மேடு பள்ளத்தில், அதுவும் வெறுங்காலில். தொடை சும்மா விடுமா?

முன்தொடையில் நான்கு தசைகள். மூன்று தொடை எலும்பிலிருந்தும் ஒன்று இடுப்பெலும்பிலிருந்தும் கிளம்பி, முழங்கால் சில்லைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே உள்ள எலும்பில் சேர்கின்றன. ஏறும்போது இவை சுருங்கி உடம்பைத் தூக்கும். இறங்கும்போதோ நீண்டுகொண்டே முழு எடையையும் பிரேக் மாதிரி தாங்கிப் பிடிக்க வேண்டும். தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம் வருவது அதில்தான். இந்த வலி பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும். தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் தேங்கியதால்தான் இந்த வலி என்று உங்கள் நண்பர் சொன்னது சரியில்லை. அது ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே குறைந்துவிடும்.

கட்டிலிலேயே கிடக்காதீர்கள், சமதரையில் மெல்ல நடங்கள். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம், லேசாகத் தடவினால் போதும். ஆனால் சிறுநீர் அடர் பழுப்பாகப் போனாலோ, முழங்காலை நீட்டவே முடியாவிட்டாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்; அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.