கோவில் கட்டிய சாமியாரின் வரலாற்றை எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தின்) நூற்றாண்டு மலருக்கு, கோவிலைக் கட்டிய பிரெஞ்சு சாமியாரின் வாழ்க்கையை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கல்லறையில் பெயரும் இறந்த ஆண்டும் மட்டுமே உள்ளன. பெரியவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: ஞானஸ்நானப் பதிவேட்டில் தொடங்குங்கள், சகோதரி. ஒவ்வொரு பதிவின் கீழும் ஞானஸ்நானம் கொடுத்த குருவின் கையெழுத்து இருக்கும். அவருடைய முதல் கையெழுத்தையும் கடைசிக் கையெழுத்தையும் தேதியோடு குறித்துக்கொண்டால் அவர் அந்தப் பங்கில் இருந்த காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். இடையில் சில மாதம் வேறொருவர் கையெழுத்து வந்தால் அவர் மாற்றலாகிப் போனார் என்று உடனே எழுதிவிடாதீர்கள். நோயாகவோ பயணமாகவோ இருக்கலாம். உதவிக் குருவும் கையெழுத்திட்டிருக்கலாம்.

பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும். பலர் தடுமாறுவது பெயர்களில்தான். பெத்ருஸ் என்றிருப்பவரை வீட்டில் ராயப்பன் என்றே அழைத்திருப்பார்கள். பவுலுஸ் சின்னப்பன், யோவான்னஸ் அருளப்பன், யோசேபுஸ் சூசை, ஸ்தெபானுஸ் முடியப்பன். இது தெரியாததால் ஒரே ஆளை இரண்டு பேராக்கிய மலர்கள் உண்டு. 'நாத்துஸ்' என்பது பிறந்த நாள், 'பாப்திசாவி' என்பது ஞானஸ்நானம் கொடுத்த நாள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, கோப்புகள் எங்கே இருக்கும் என்பதைக் காலம்தான் சொல்லும். பெங்களூரு தனி மறைமாவட்டம் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், ஆளுகைப் பகுதி) ஆனது 1940-இல். அதற்கு முன் மைசூர்; 1850-க்கு முன்போ புதுச்சேரி. ஆகவே உங்கள் சாமியார் தம் ஆயருக்கு எழுதிய கடிதங்களை மைசூர் மறைமாவட்டக் கோப்புகளிலும் கேட்டுப் பாருங்கள்.

அவர் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்தவரென்றால் உங்கள் வேலை பாதி குறையும். அச்சபைக் குருவும் வரலாற்றாசிரியருமான அத்ரியன் லோனே (1853–1927), 1658 முதல் 1913 வரை சபை அனுப்பிய குருக்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதி வைத்தார். அந்தப் பொறுமைக்கு நாம் பட்ட கடன் பெரிது. குறிப்புகள் பிரெஞ்சில் இருந்தாலும் ஆண்டுகளையும் ஊர்ப்பெயர்களையும் நீங்களே பொறுக்கி எடுத்துவிடலாம்.

அடிக்கல் நாட்டிய நாள், கோவில் மந்திரித்த (ஆசீர்வதித்துத் திறந்த) நாள், தனிப்பங்கான நாள் மூன்றும் வேறு வேறு. மலர்களில் அதிகம் தப்பாவது இதுதான். பெரியவர்கள் சொல்லும் கதைகளை ஒதுக்காதீர்கள். சொன்னவர் பெயரும் வயதும் போட்டு, தனிப்பகுதியாகக் கொடுங்கள்.

ஏட்டைப் பார்க்கப் பங்குத்தந்தைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பென்சில் மட்டும் கொண்டு போங்கள், மை வேண்டாம். ஜெராக்ஸ் எடுக்க விரித்து அழுத்தினால் தையல் விட்டுப்போகும். பிளாஷ் இல்லாமல் போனில் படம் எடுங்கள். தகப்பன் பெயர் இல்லாத பதிவுகளும் கண்ணில் படும். அந்தக் குடும்பங்கள் இன்றும் உங்கள் பங்கில் இருக்கலாம், அவை மலரில் வரவே கூடாது.