இஎல்84 சூடு தாங்குமா? வால்வு கேள்வி பதில்

கோபியிலிருந்து ஒரு தம்பி: அப்பாரு வாங்கின ரேடியோங்ணா. போட்டுக் கால் மணி நேரத்தில், ஸ்பீக்கரை ஓட்டுகிற இஎல்84 வால்வின் பிளேட் (உள்ளே இருக்கிற வெளித்தகடு) சிவக்குது. புது வால்வு போட்டும் அதே கதைதானுங்க.

வால்வு மேல் பழி போடாதீங்க. முந்தின வால்வின் பிளேட்டிலிருந்து இதன் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்துகிற கம்பிவலை) வருகிற பேப்பர் கண்டென்சர்தான் முதல் சந்தேகம். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறி, கரண்ட் தாறுமாறாகக் கூடிவிடும். கிரிட் வருகிற 2ஆம் பின்னுக்கும் செட்டின் உலோகச் சட்டமான சேசிஸுக்கும் நடுவில் மீட்டர் வையுங்க, பூஜ்யம்தான் காட்டணும். 1 வோல்ட் காட்டினாலும் 630 வோல்ட் பாலியஸ்டர் ஒன்று வாங்கி மாற்றிவிடுங்க.

திருப்பூர்: பிளேட்டின் வரம்பான 12 வாட் தாண்டுதான்னு எப்படிங்க பார்க்கிறது?

எலக்ட்ரானை விடுகிற கேத்தோடின் ரெசிஸ்டர் 135 ஓம், அதில் 8 வோல்ட் நின்றால் 59 மில்லி ஆம்ப். ஸ்கிரீன் (பிளேட்டுக்கு முன்னால் இருக்கிற இரண்டாவது கிரிட்) குடிக்கிறது சுமார் 6, அதைக் கழித்தால் 53. பிளேட்டில் 265 வோல்ட் என்றால் கேத்தோடின் 8 போக 257, பெருக்கினால் 13.6 வாட். தாண்டிவிட்டது. 220 வோல்ட்டுக்குச் சுற்றிய பழைய செட்டில், ராத்திரி தோட்டத்து மோட்டாரெல்லாம் நின்று லைன் வோல்ட்டேஜ் ஏறும்போது இப்படித்தான் ஆகும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட் டேப் (இணைப்பு முனை) இருந்தால் அதற்கு மாற்றுங்க, இல்லையென்றால் கேத்தோடுக்கு 180 ஓம் போட்டு மறுபடி அளந்து பாருங்க. அப்புறம், சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும், கையை விட்டுடாதீங்க.

பொள்ளாச்சி: ஸ்பீக்கர் இல்லாமல் போட்டுப் பார்க்கலாமுங்களா?

வேண்டவே வேண்டாம். இஎல்84 மாதிரி பென்டோடு வால்வுக்கு லோடு இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் வோல்ட்டேஜ் எகிறி, சாக்கெட்டிலேயே பொறி பறக்கும். 10 வாட்டில் ஒரு 8 ஓம் ரெசிஸ்டராவது கட்டுங்க. அந்த பிரைமரியே அறுந்திருந்தால் இன்னும் மோசம், பிளேட்டுக்கு ஒன்றும் போகாமல் கரண்டெல்லாம் ஸ்கிரீனில் பாயும், அதன் வரம்போ 2 வாட்தான். உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் மட்டும் தகதகவென்று சிவந்தால் இதைத்தான் பார்க்கணும்.

சிங்காநல்லூர்: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மோட்டார் காயில் கட்டுகிற கடையில் சுற்றிக்கலாமுங்களா?

தாராளமாக. வால்வு கேட்கிற 5,200 ஓமுக்கு 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் சுற்று விகிதம் 25.5க்கு 1. ஆனால் ஒற்றை வால்வுக்கு டிசி ஓயாமல் பிரைமரியில் ஓடும், அதனால் ஈ தகடுகளை ஒரு பக்கமாகவே அடுக்கி, ஐ தகட்டுக்கு நடுவில் காகிதம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்க. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றி மாற்றி அடுக்கிப் பழகின கை அது. பக்கத்திலேயே நின்று பார்த்து வாங்குங்க.