இலையுதிர்கால பேகன் விழாக்களில் உணவுக்கு அப்படி என்ன பொருள்?

கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய விழாக்களில் ஆப்பிள், கொட்டை, ரொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சொல்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அயர்லாந்தில் மீத் பகுதியில் நான்கு வருடம் குடியிருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்தது சவ்வின் (Samhain) என்ற விழா மட்டும்தான், அதை வைத்தே சொல்கிறேன்.

சவ்வின் அக்டோபர் 31 பொழுது சாய்ந்ததும் தொடங்கும். ஹாலோவீனின் வேர் இதுதான். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே இன்றும் இந்தப் பெயர்தான். பழைய கணக்கில் வருடம் இரண்டு பாதி: மே 1 முதல் வெளிச்சம், நவம்பர் 1 முதல் இருட்டு. கோடையெல்லாம் மேட்டில் மேய்ந்த மாடுகளைக் கீழே ஓட்டி வந்து, குளிர்காலம் முழுக்கத் தீனி போட முடியாதவற்றை அறுத்துவிடுவார்கள். அறுவடை முடிந்து வீட்டில் இருப்பு நிறைந்திருக்கும். ஆனால் அதற்கப்புறம் பல மாதங்களுக்கு வெளியிலிருந்து பெரிதாக எதுவும் வராது. அடுத்த வருடம் இதே அடுப்பைச் சுற்றி யார் யார் இருப்போம்? அந்த உணவுகள் எல்லாவற்றிலும் எனக்குத் தெரிவது இந்தக் கேள்விதான்.

பார்ம்பிராக் என்ற பழரொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் புள்ளி விழுந்த ரொட்டி என்று பொருள். நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா முந்தின இரவே உலர்திராட்சையை, பால் சேர்க்காத ஆறிப்போன தேநீரில் ஊறப்போடுவார். காலையில் ஒவ்வொன்றும் உப்பிப் பளபளவென்று இருக்கும். மாவில் கலந்து, சுடுவதற்கு முன் சில சாமான்களைத் தாளில் சுற்றி உள்ளே புதைப்பார். துண்டு போடும்போது மோதிரம் வந்தால் வருடத்துக்குள் கல்யாணம், நாணயம் வந்தால் பணம், பட்டாணி வந்தால் இந்த வருடம் கல்யாணம் இல்லை, குச்சி வந்தால் சண்டை நிறைந்த இல்வாழ்க்கை, கிழிந்த துணி வந்தால் வறுமை. கடையில் விற்கும் ரொட்டியில் இப்போது மோதிரம் மட்டும்தான் இருக்கும்.

முதல் வருடம் என் துண்டில் துணி வந்தது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வயிற்றைப் பிசைந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்து அடுப்புத் தீயில் போட்டுவிட்டு எனக்கு இன்னொரு துண்டு நறுக்கி வைத்தார்.

கொட்டைகளிலும் இதே குறிதான். காதலர் இருவர் பெயரைச் சொல்லி இரண்டு கொட்டைகளைத் தணலருகே வைப்பார்கள். சேர்ந்து நிதானமாக எரிந்தால் நல்லது, ஒன்று வெடித்துத் தெறித்தால் அந்த ஜோடி நிலைக்காது. ஆப்பிள் தோலை அறுபடாமல் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்தால், விழுந்த வடிவம் வரப்போகிறவரின் முதலெழுத்து. கருப்பு பெர்ரியைச் சவ்வினுக்குப் பிறகு பறிக்கக் கூடாது, பூக்கா என்ற ஆவி அதில் துப்பிவிடும் என்பார்கள். அந்தப் பருவத்தில் பழம் உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கும்.

சரி, இதெல்லாம் பழங்காலத்துச் சமையலா? இல்லை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். அன்றைய முக்கிய உணவான கோல்கேனன், உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் வெண்ணெயும் சேர்த்து மசித்தது. உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். இறைச்சி இல்லாததற்குக் காரணம், சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய அந்த நாளில் கத்தோலிக்கர் இறைச்சி தவிர்த்தது. இணையத்தில் அடிபடும் மேபான் என்ற விழாப் பெயரும் 1970களில் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர், பகலும் இரவும் ஒரே அளவாக இருக்கும் செப்டம்பர் சமநாளுக்கு வைத்ததுதான். பழைய வழிபாட்டைப் புதுப்பித்துப் பின்பற்றும் இன்றைய பேகன்கள் அதை மனதாரக் கொண்டாடுகிறார்கள், அதில் தவறில்லை. பழமை என்று மட்டும் சொல்ல வேண்டாம். தேதியும், அன்று மூட்டும் தீயும், மாடுகளை ஓட்டி வந்து அறுப்பதும்தான் உண்மையில் பழையவை.

அன்றிரவு எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா கோல்கேனன் கொஞ்சம் எடுத்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் வைத்து, கரண்டியோடு மேசையில் விட்டுவிடுவார். இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் இரவு அது. நம் படையல் மாதிரியேதான். அவர் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தட்டைக் கணவர் உட்காரும் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, கதவைத் தாழிடாமல் படுக்கப் போனார்.