துடைப்பதற்கு முன்: வெள்ளி, கண்ணாடி, பீங்கான் சேகரிப்போரின் கேள்விகள்

கேள்வி: ஏலத்தில் எடுத்த தேநீர்க் கெண்டியின் அடியில் நான்கு குட்டி முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. இங்கிலாந்து வெள்ளி என்று சொல்லி விற்றார்கள். நம்பலாமா?

பதில்: முத்திரைகள் வரிசையாக இருப்பது மட்டும் சான்று ஆகாது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்கால் ஒன்றைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் அது ஸ்டெர்லிங். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். அடுத்து ஊர் முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம். ஆங்கில எழுத்து ஒன்று தனியாக இருந்தால் அது ஆண்டைக் குறிக்கும். ஆனால் ஒரே எழுத்து பல சுற்றுகளில் திரும்ப வரும். எழுத்தின் பாணியையும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் ஆண்டு சரியாகக் கிடைக்கும். அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் பெரும்பாலும் 1784-க்கும் 1890-க்கும் இடையில் வரி கட்டிய பொருள்.

ஏமாறும் இடம் எது என்றால், ஈ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்துகளையும் தனித்தனிக் கேடயத்துக்குள் அலங்காரமாகப் பொறித்திருப்பார்கள். வெறும் கண்ணுக்கு அசல் முத்திரை போலவே தெரியும். அது நிக்கல் கலவையின் மேல் மின்முலாம். எல்கிங்டன் நிறுவனம் 1840-இல் காப்புரிமை பெற்ற முறை. கைப்பிடி, விளிம்பு, அடிப்பாகம் ஆகிய தேயும் இடங்களில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். செம்பு நிறம் தெரிந்தால் செம்பின் மேல் முலாமாக இருக்கலாம், அல்லது செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைத்த பழைய ஷெஃபீல்டு பிளேட்டாக இருக்கலாம். பின்னதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. செம்பு தெரிகிறதே என்று மறுபடி முலாம் பூசிவிடாதீர்கள்.

கெண்டி என்பதால் மூடியையும் பாருங்கள். தனியாகக் கழலும் மூடியில் சிங்கமோ செய்தவர் முத்திரையோ இருக்க வேண்டும். உடலில் ஒருவர், மூடியில் வேறொருவர் என்றால் மூடி பிற்பாடு வந்து சேர்ந்தது. உடலின் நடுவில் மூச்சை ஊதிப் பாருங்கள். அழித்த பெயர்ப்பொறிப்பு இருந்தால் சில நேரம் ஆவியில் தெரியும். அந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தினால் தகடு உள்வாங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: அலுமினியத் தாள், சோடா, வெந்நீர் – இந்த முறையில் கருத்த வெள்ளி நொடியில் வெளுக்கிறதே. செய்யலாமா?

பதில்: வேதியியல் சரிதான். கருமை என்பது வெள்ளி சல்ஃபைடு. சோடாக் கரைசலில் அலுமினியத்தோடு ஒட்டியிருக்கும்போது கந்தகம் விலகி வெள்ளி திரும்ப வெள்ளியாகிறது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போதும். வேலைப்பாடு இல்லாத, ஒரே துண்டாலான கரண்டிக்கு இது பொருந்தும்.

வேலைப்பாடுள்ள பொருளுக்கு வேண்டவே வேண்டாம். பள்ளங்களில் தங்கிய கருமைதான் பூவையும் இலையையும் எடுத்துக் காட்டுகிறது. அது போய்விட்டால் மொத்தமும் சுண்ணாம்பு அடித்தது போல மங்கிவிடும். கத்தியின் கைப்பிடி உள்ளே குடைந்து அரக்கு போன்ற பிசின் நிரப்பியது. வெந்நீரில் அது இளகி அலகு கழன்றுவிடும். தந்தம், மரம், கல் பதித்தவற்றையும் முக்கக் கூடாது. முதலில் மென்மையான சோப்பு நீரில் கழுவுங்கள். அதற்கும் போகாத கருமைக்கு, மிக நுண்ணிய சுண்ணப்பொடியை (கால்சியம் கார்பனேட்) காய்ச்சி வடித்த நீரில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் போதும். முத்திரையின் மேல் மட்டும் தேய்க்காதீர்கள். பற்பசை கீறும்.

கருமை திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் அலமாரியே காரணம். ரப்பர் வளையம் காகிதத்தைத் தாண்டியும் கோடு போட்டது போலக் கருக்க வைக்கும். கம்பளித் துணி, செய்தித்தாள் இரண்டுமே கூடாது. அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கேள்வி: ஒயின் ஊற்றிவைக்கும் பழைய டிகேன்டர் குடுவையின் உட்புறம் பால் படிந்தது போல இருக்கிறது. எதைப் போட்டாலும் போகவில்லை.

பதில்: அது படிவமா, கண்ணாடியே அரித்ததா என்பதுதான் கேள்வி. படிவம் என்றால் சுண்ணாம்பு. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து ஓர் இரவு ஊற வைத்தால் கரைந்துவிடும், அல்லது பாதியாவது குறையும். ஒயின் கறைக்குப் பல்செட் கழுவும் மாத்திரை நன்றாக வேலை செய்யும். மணலோ இரும்புக் குண்டோ போட்டுக் குலுக்காதீர்கள். உள்ளே விழும் கீறல் நிரந்தரம்.

இரண்டு முறை செய்தும் துளிகூட மாறவில்லை என்றால் அரிப்புதான். ஈரத்தோடு மூடி போட்டு வருடக்கணக்கில் வைத்ததால் நீர் கண்ணாடியிலுள்ள காரப்பொருளை உறிஞ்சி வெளியே எடுத்திருக்கும். வீட்டு வைத்தியம் கிடையாது. மெருகுபோடும் கைவினைஞர் உள்பரப்பின் மேலடுக்கைத் தேய்த்து எடுத்துச் சீராக்கலாம். அரிய குடுவை என்றால் அப்படியே விட்டுவிடுவதே என் யோசனை.

வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். அரித்த கண்ணாடி நனைந்திருக்கும்போது தெளிவாகத் தெரியும். உள்ளே எண்ணெய் தடவி விற்பதும் அதனால்தான். காகிதக் கைக்குட்டையைக் குச்சியில் சுற்றி உள்ளே துடைத்துப் பாருங்கள். கழுவிய பின் மூடியைத் தனியே வைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே மூடுங்கள். தடித்த அடி கொண்ட குடுவையில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விழும்.

கேள்வி: புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிர்ந்தால் பழைய யுரேனியம் கண்ணாடிதானே?

பதில்: யுரேனியம் இருக்கலாம்; பழசு என்று சொல்ல முடியாது. பொஹீமியாவில் 1830-களில் பரவிய இந்தக் கண்ணாடியை இன்றும் செய்கிறார்கள். மாங்கனீசு கலந்த கண்ணாடியும் மங்கலான பச்சையில் ஒளிரும். 365 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட டார்ச் வாங்குங்கள். 395 வகையின் ஊதா வெளிச்சமே கண்ணைக் குழப்பும். அந்த டார்ச் பீங்கானுக்குத்தான் அதிகம் உதவும்: ஒட்டிப் பூசி மறைத்த இடம் சுற்றியுள்ள பரப்பிலிருந்து வேறு நிறமாகத் தெரியும்.

கேள்வி: பழைய தட்டின் மேல் மயிரிழை விரிசல்களில் பழுப்புக் கறை. பிளீச்சில் ஊற வைக்கலாமா?

பதில்: கூடாது. குளோரின் பிளீச் மண்ணுடலுக்குள், அதாவது பளபளக்கும் மேற்பூச்சுக்கு அடியிலுள்ள சுட்ட மண்ணுக்குள், உப்பை விட்டுச்செல்லும். காயும்போது அந்த உப்பு படிகமாகி மேற்பூச்சைச் சில்லு சில்லாக உந்தித் தள்ளும். மண்ணுடல் ஈரம் குடித்து மெல்ல உப்புவதும், விறைத்த மேற்பூச்சு அதோடு விரியாததுமே அந்த விரிசலுக்குக் காரணம்.

தட்டை முதலில் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊற வையுங்கள். பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சைக் கறைமேல் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, தினமும் பஞ்சை மாற்றுங்கள். கறை வெளுத்ததும் சுத்த நீரில் சில நாள், நீரை மாற்றி மாற்றி ஊற வைத்து, நிழலில் வாரக்கணக்கில் உலர விடுங்கள். அவசரத்துக்கு அடுப்பில் வைத்தால் உடையும். பொன்கோடு, உலோகப் பளபளப்பு, முன்பே ஒட்டிய பகுதி இருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கேள்வி: பீங்கான் தட்டின் அடியில் 'இங்கிலாந்து' என்று மட்டும் ஆங்கிலத்தில் உள்ளது. எந்தக் காலம்?

பதில்: பெரும்பாலும் 1891-க்குப் பின். அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கவரிச் சட்டப்படி அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் கட்டாயமானது. 'இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது' என்ற முழு வாசகம் இருந்தால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டு. வைர வடிவப் பதிவுச் சின்னம் இருந்தால் 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவான வடிவமைப்பு. ஆனால் அதே வடிவமைப்பைப் பிற்பாடும் செய்திருக்கலாம்.