மருத்துவமனைப் பூட்டும் வீட்டு ஜன்னலும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 31. மனச்சோர்வும் அளவு மீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறில் கடுமையான மனச்சோர்வு ஏற்பட்டு மனநல மருத்துவமனையில் சேர்த்து ஏழு வாரங்கள் ஆகின்றன. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். ஆனால் வார்டு எந்நேரமும் பூட்டியே இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து அவன் ஒருமுறைகூடத் திறந்தவெளியில் கால் வைக்கவில்லை. காரணம் கேட்டால், கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்கிறார்கள். ஞாயிறுதோறும் நானும் அண்ணனும் போய்ப் பார்வையாளர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறோம். ஒவ்வொரு முறையும், "வெளியே மழையா, வெயிலா?" என்று கேட்கிறான். ஏதோ சொல்லிச் சமாளிக்கிறோம். ஒரு நோயாளிக்குக் காற்றும் வெளிச்சமும் கொடுக்காமல் அடைத்து வைப்பது நியாயமா? தோட்டம் உள்ள வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமா? அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரிகிறது. அவனுக்காகப் பின்பக்க அறையை எல்லா வசதிகளோடும் தயார் செய்துவிட்டோம். அக்கம்பக்கத்தார் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக ஜன்னல் கண்ணாடி முழுவதும் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. அதனால் வீட்டைப் பற்றிக் கவலையில்லை. மருத்துவமனையைப் பற்றித்தான் கவலை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, மருத்துவமனையின் பூட்டைப் பற்றி இத்தனை வரிகள் எழுதிய நீங்கள், ஜன்னலில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி, அதையும் கவலை தீர்ந்த கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். என் கவலை அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது. ஏழு வாரங்களாக வானத்தைப் பார்க்காத ஒருவர் வீடு திரும்பும்போது, அவருக்காக உடன்பிறந்தவர்கள் தயார் செய்து வைத்திருப்பது வானம் தெரியாத இன்னோர் அறை. அங்கே பூட்டு இருக்கிறது, இங்கே ஸ்டிக்கர் இருக்கிறது. இரண்டு இடத்திலும் உள்ளே இருப்பவர் அவர் ஒருவர்தான். மழையா, வெயிலா என்று அங்கே உங்களைக் கேட்கிறார். சொந்த வீட்டிலும் அதையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையை நீங்களே செய்து வைத்திருக்கிறீர்கள்.

மருத்துவமனையாவது பாதுகாப்பு என்றும் ஆள் பற்றாக்குறை என்றும் ஒரு காரணம் சொல்கிறது. நீங்கள் சொல்லும் காரணம் அக்கம்பக்கத்தார். அவர்களுக்கு நோய் இல்லை, உங்கள் தம்பிக்கு இருக்கிறது. ஆனாலும் அறையை அமைக்கும்போது நீங்கள் நினைத்துப் பார்த்தது அவர்களுடைய கண்களைத்தான். அவர் என்ன தவறு செய்தார் என்று அவரை மறைத்து வைக்கப் போகிறீர்கள்? காலில் எலும்பு முறிந்து வந்திருந்தால், வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் நலம் விசாரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நோய் மனத்தில் வந்ததால் அவருக்கு வாசல் இல்லாமல் போயிற்று. இத்தகைய கடிதங்கள் எனக்கு ஏராளமாக வருகின்றன. அவற்றில் பலவற்றிலும் மருத்துவமனையின் மீது குற்றச்சாட்டு விரிவாக இருக்கும். வீட்டில் செய்து வைத்த ஏற்பாடு ஒரு வரியில் ஒளிந்திருக்கும். நோயுற்றவனுக்கு முதல் கதவைச் சாத்துகிறவர்கள் பெரும்பாலும் அவனுடைய சொந்த மனிதர்கள்தாம் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை. 2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படும் சிறைவாசிகளுக்கான குறைந்தபட்ச விதிகளில் 23ஆவது விதி, வெளியிடத்தில் வேலை செய்யாத ஒவ்வொரு சிறைவாசியும், வானிலை இடங்கொடுத்தால், நாள்தோறும் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்தவெளியில் உடற்பயிற்சி செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது. குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவருக்கே இது குறைந்தபட்சம் என்று உலக நாடுகள் கூடி ஏற்றிருக்கும்போது, எந்தக் குற்றமும் செய்யாத ஒரு நோயாளிக்கு ஏழு வாரங்களில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை என்பதை எந்த ஆள் பற்றாக்குறையாலும் நியாயப்படுத்த முடியாது.

இது புதிய சிந்தனையும் அல்ல. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்த காலத்தில், 1796இல், இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்கு வெளியே வில்லியம் டியூக் என்ற தேயிலை வணிகரின் முயற்சியால் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் ஓர் இல்லத்தைத் திறந்தார்கள். தோட்டமும் நடைபாதைகளும் அந்த வைத்தியத்தின் பகுதியாகவே வைக்கப்பட்டன. நோயாளிகள் உலவும் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் வளர்க்கப்பட்டன என்றும், தன்னைத் தவிர வேறோர் உயிரின் மீது அக்கறை துளிர்க்க அவை உதவின என்றும் அவருடைய பேரன் சாமுவேல் டியூக் 1813இல் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் தம்பியின் நோய்க்கு இன்று முதன்மையாகக் கொடுக்கப்படும் லித்தியத்தின் பயன் 1949இல்தான் தெரிய வந்தது. மருந்து கிடைத்தது பெரிய கொடை. அந்தக் கொடை வந்துவிட்டதால் முற்றம் தேவையில்லை என்று யாரும் நிரூபித்துவிடவில்லை.

உங்கள் தம்பியின் நோய்க்கே நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று உண்டு. இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில், மனச்சோர்வுடன் சேர்க்கப்பட்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். கிழக்குப் பார்த்த அறைகளில் காலை வெயில் நேரடியாக விழும். அவ்வறைகளில் இருந்த இருமுனைக் கோளாறு நோயாளிகள், மேற்குப் பார்த்த அறைகளில் இருந்தவர்களைவிடச் சராசரியாக 3.67 நாட்கள் முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். இருமுனைத் தன்மை இல்லாத மனச்சோர்வு நோயாளிகளிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. அதற்கு முன், 1996இல், கனடாவின் எட்மன்டன் நகரிலிருந்து வந்த ஆய்வில், வெயில் வரும் அறையில் இருந்த மனச்சோர்வு நோயாளிகள் சராசரியாக 16.9 நாட்களும், மங்கலான அறையில் இருந்தவர்கள் 19.5 நாட்களும் தங்கியிருந்தார்கள். இவை மருந்தோடு சேர்ந்து கிடைத்த பலன்கள். வெயில் மட்டுமே குணப்படுத்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இந்த வேறுபாட்டை உண்டாக்கியது ஒரு ஜன்னலின் திசை என்பதைக் கவனியுங்கள்.

காரணம் விளங்காததும் அல்ல. தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் உடலின் உள் கடிகாரம், கண்ணில் விழும் பகல் வெளிச்சத்தைக் கொண்டுதான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவைத் தாண்டுவது அரிது. மேகம் மூடிய பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். இருமுனைக் கோளாறில் பெரும்பாலும் முதலில் குலைவது அந்தக் கடிகாரம் நடத்தும் தூக்கம்தான்.

இதை வைத்துக்கொண்டு மருந்தை நிறுத்தி இயற்கை வைத்தியம் செய்யலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள், கூடாது. அவருக்குக் கொடுக்கப்படும் மருந்துகளின் பெயர்களை நீங்கள் எழுதவில்லை. லித்தியம் இருந்தால், அதிகமாக வியர்த்து உடலில் நீர் குறையும்போது இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் ஆகியவை உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள். ஆகவே உச்சி வெயிலில் நடக்க வைக்காதீர்கள், தண்ணீர் கொடுங்கள், உணவில் உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் இருந்தால் வெயிலில் தோல் எளிதாகக் கன்றும். இந்நோயில் இன்னொரு பக்கமும் உண்டு: தூக்கம் குறைந்தும் களைப்புத் தெரியாமல், பேச்சும் திட்டங்களும் பெருகினால், அவர் தேறிவிட்டார் என்று மகிழாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வார்டு பூட்டைப் பற்றி: தொடக்க வாரங்களில் நோயாளி தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளும் அபாயம் இருக்கும்போது பூட்டு தேவைப்படலாம். ஆனால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லும் மருத்துவர், அந்த அபாயம் இன்று எவ்வளவு என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். வார்டு உதவியாளரிடம் கேட்டுவிட்டுத் திரும்பாமல், சிகிச்சைக்குப் பொறுப்பான மருத்துவரைச் சந்தியுங்கள். திறந்தவெளியில் நடப்பதைச் சிகிச்சையின் பகுதியாக, எந்த நேரம், எவ்வளவு நேரம், யார் துணை என்று நோயாளியின் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். இப்போது கூடாது என்றால் அதற்கு மருத்துவக் காரணம் என்ன, மறுபடி எந்தத் தேதியில் பரிசீலிப்பார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஆள் இல்லை என்பது நிர்வாகத்தின் குறை. அது குறிப்பேட்டில் எழுதக்கூடிய மருத்துவக் காரணம் ஆகாது.

ஆள் இல்லை என்று அவர்கள் சொன்னபோது நீங்களும் உங்கள் அண்ணனும் அங்கேதான் இருந்தீர்கள். ஞாயிறுதோறும் இரண்டு பேர், ஒரு மணி நேரம், ஒரு மூடிய அறையில் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்கள். "நாங்கள் துணைக்கு இருக்கிறோம், வளாகத்துக்குள் நடந்துவிட்டு வருகிறோம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று ஒருமுறை கேட்டிருக்கலாமே. கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஏன் கேட்கவில்லை என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். வளாகத்தில் நடந்தால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடக்கூடும் என்ற தயக்கம், ஸ்டிக்கரை ஒட்டிய அதே தயக்கம், அங்கேயும் உங்களைத் தடுத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உடன்பிறந்தவர் நோயுற்றால் கூட நடப்பது சம்பளத்துக்கு வந்த ஆள் செய்கிற வேலை என்று விட்டுவிடக் கூடியது அல்ல. அது முதலில் நம்முடைய கடமை. அனுமதி மறுக்கப்பட்டால் அப்போது சண்டை போடுங்கள். அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம்.

மருத்துவமனையை மாற்ற வேண்டாம். அவருடைய நோயை ஏழு வாரங்களாகப் பார்த்து, மருந்தின் அளவைப் படிப்படியாகச் சரிசெய்த மருத்துவரை, வீடு திரும்ப ஒரு மாதம் இருக்கையில், வேறோர் இடத்துத் தோட்டத்துக்காக விட்டுவருவது அறிவுடைமை அல்ல. பூட்டிய வார்டில் இருப்பவர்களுக்குக் கதவு திறக்கப்படாத வரை, வாசலில் எத்தனை பெரிய தோட்டம் இருந்தாலும் அவர்களுக்கு அதனால் பயனில்லை.

அவர் கேட்கும் கேள்விக்கு ஏதோ சொல்லிச் சமாளிப்பதாக எழுதியிருப்பது என்னை மிகவும் வருத்தியது. கடுமையான மனச்சோர்வில் இருப்பவருக்கு வெளியுலகம் இருந்தால் என்ன, போனால் என்ன என்றாகிவிடும். உங்கள் தம்பி மழையைப் பற்றிக் கேட்கிறார் என்றால் அவருக்குள் ஏதோ ஒன்று வெளியே வரப் பார்க்கிறது. அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவரிடமும் உள்ளதைச் சொல்லுங்கள்: விடியற்காலையில் மழை பெய்தது, வரும் வழியில் பள்ளத்தில் தண்ணீர் நின்றது, அண்ணனின் செருப்பு நனைந்துவிட்டது என்று. இதைச் சமாளிக்க என்ன இருக்கிறது?

வீட்டில் அவர் காலெடுத்து வைப்பதற்கு முன் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அவருக்கே மறைவு தேவைப்படும் நேரங்கள் இருக்கும். அதற்குத் திரைச்சீலை போதும், அதை இழுத்து மூடுவதும் திறப்பதும் அவர் கையில் இருக்கட்டும். பின்பக்க அறையைவிட முன்பக்கத்தில் ஓர் அறை ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். பாதுகாப்புக்காக எதைப் பூட்ட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுப் பூட்டுங்கள். மருந்துகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், லித்தியம் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. மனநல மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்கள் தற்கொலை அபாயம் மிகுந்த காலம் என்பதையும் மறக்க வேண்டாம். சாவைப் பற்றி அவர் பேசினால், அதைத் திட்டி அடக்காமல் கேளுங்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வெளியார் கேட்டால் என்ன சொல்வது என்பதைத் தம்பியிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். சொல்லும் உரிமையும் சொல்லாமலிருக்கும் உரிமையும் அவருடையவை. "உடம்பு சரியில்லாமல் இருந்தான், இப்போது தேறி வருகிறான்" என்ற ஒரு வாக்கியம் பெரும்பாலும் போதுமானது. அதற்குமேல் கேட்பவருக்குப் பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல.

காலையில் பத்து நிமிடங்களில் தொடங்குங்கள். அவரை விரட்டி விரட்டி நடக்க வைக்காதீர்கள். எழுந்து நடக்க முடியாத நாளில் வாசற்படியில் அவரோடு உட்கார்ந்திருந்தாலே போதும். எந்தக் காலை யார் உடன் இருப்பது என்பதை, அவர் வீடு வருவதற்கு முன்பே, உங்கள் அண்ணனையும் உட்கார வைத்துப் பேசி, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகம் இருக்கிறது, காலையில் முடியாது என்று அண்ணன் சொல்வார். வாரத்தில் மூன்று காலைகள் அவருடையவை என்று சொல்லிவிடுங்கள்.