ஃபார்மட் செய்வதற்கு முன் பெட்டியில் காதை வைத்துக் கேளுங்கள்

கணினியை இயக்கினால் விண்டோஸ் சின்னம் வந்து, கீழே புள்ளிகள் சுற்றி, அப்படியே நின்றுவிடுகிறது; ஃபார்மட் செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் உள்ளவை அழிந்துவிடும்; உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் வெளியே எடுக்கும்வரை வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆனது. அம்மாவின் கடைசிச் சில ஆண்டுகளின் படங்கள் அப்பாவின் கணினியில் மட்டுமே இருந்தன. தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதுமே கடைக்காரர், "கொண்டு வாருங்கள், ஃபார்மட் போட்டுவிடலாம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பெட்டியில் காதை வைத்தேன். டிக் என்று ஒன்று, சற்று இடைவெளி, மறுபடி டிக். முன்பக்க விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தது. ஹார்ட் டிஸ்க் ஒரே இடத்தைப் படிக்க முயன்று முயன்று தோற்கும் ஓசை அது.

உடனே அணைத்துவிட்டேன். நண்பரின் கணினியில் ஒரு பென் டிரைவில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு வந்து, நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கி, படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். இரவு முழுவதும் ஆனது. சில கோப்புகள் வரவில்லை. அம்மாவின் படங்கள் வந்துவிட்டன. உங்கள் டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் மறைகுறியாக்கப் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டியிருக்கும், முதலில் அதைத் தேடி வையுங்கள். பலரும் எடுத்த எடுப்பில் சொல்லும் செக் டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் பரிசோதனை நிரலை நகலெடுக்கும் முன் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மேலும் அலைக்கழிக்கும்.

ஓசை எதுவும் இல்லையென்றால் (சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் கெட்டாலும் ஓசை வராது) விசைப்பலகை, மவுஸ் தவிர யுஎஸ்பியில் செருகியிருக்கும் அனைத்தையும் பிடுங்கிவிட்டு இயக்கிப் பாருங்கள். மறந்துபோன ஒரு பென் டிரைவே போதும் கணினியை நிறுத்திவைக்க.

அதற்கும் மசியவில்லையென்றால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸைத் தொடங்கும் முறை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும், தொடங்கும்போதே பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், மறுதொடக்கம் ஆனதும் 4 என்ற எண்ணை அழுத்துங்கள். சேஃப் மோடில் ஒழுங்காக நுழைந்துவிட்டால் பெரும்பாலும் டிஸ்க்கும் நினைவகப் பட்டையான ராமும் பிழைத்தன என்று பொருள். குற்றவாளி ஒரு டிரைவரோ (வன்பொருளை இயக்கும் நிரல்) அண்மையில் ஏற்றிய மென்பொருளோதான். நான் முதலில் சந்தேகிப்பது கிராஃபிக்ஸ் டிரைவரை.

சேஃப் மோடிலும் உறைந்தால், அல்லது புள்ளிகள் வருவதற்கு முன்பே நின்றால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். உள்ளே கைவைக்கும் முன் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். ராமைக் கழற்றி, தங்கநிறப் பற்களைப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, கொக்கி டக்கென்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

எந்த இடத்தில் நிற்கிறது, டிக் ஓசை வருகிறதா என்று எழுதுங்கள். ஓசை வந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் இப்போதே அணைத்துவிடுங்கள்.