க்ரேஃபிஷ் ஃப்ளை கட்டக் கிளம்பியவர்களுக்கு: கேள்வி-பதில்

ஹட்டன் வாசகர்: அவுஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான், க்ரேஃபிஷ் ஃப்ளை போட்டு ட்ரவுட் பிடிக்கிற வீடியோ அனுப்பினார். நானும் கட்டிப் பார்க்க என்ன வாங்கவேண்டும்?

ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டுகிற போலி இரை. க்ரேஃபிஷ் நன்னீரில் வாழும், பார்க்கக் குட்டிச் சிங்க இறால் மாதிரி இருக்கும். நம்முடைய ஓடைகளுக்கு அது சொந்தமில்லை, இங்கே நண்டும் சின்ன இறாலும்தான். அதனால் பழுப்பிலோ பாசி நிறத்திலோ சின்னதாகக் கட்டுங்கள், நண்டுக்கும் பொருந்தும். நீளத் தண்டுள்ள 6ஆம் நம்பர் முள், ஈயக் கம்பி, உடம்புக்குச் செனில் என்கிற பஞ்சுபோன்ற தடித்த நூல், கட்டுநூல், கொடுக்குக்கு இரண்டு இறகு நுனி, அவ்வளவுதான். கொடுக்கை முள் வளைகிற பக்கம் கட்டுங்கள், வால், தூண்டில் நூலை முடிகிற பக்கம் வரட்டும். பயந்த க்ரேஃபிஷ் வாலை அடித்துப் பின்பக்கமாகத்தான் பாயும், நீங்கள் இழுக்கும்போதும் அப்படித்தான் வரவேண்டும்.

தலவாக்கலை வாசகர்: மலிவாகக் கிடைத்ததென்று சிவப்பு செனில் ஐந்து ரோல் வாங்கிவிட்டேன். சரிவருமா?

சரிவராது. அவித்த க்ரேஃபிஷின் நிறத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். ஒரு ரோலோடு நின்றிருக்கலாமே!

நுவரெலியா வாசகர்: எல்லாம் அடங்கிய கிட் ஒன்று 18,000 ரூபாவாம். வாங்கட்டுமா?

வேண்டாம். இந்தக் கிட் வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். பெட்டியில் பாதி, தண்ணீரில் மிதக்கிற ஃப்ளைக்கான விறைத்த இறகு, நமக்கோ ஃப்ளை அடிக்குப் போகவேண்டும். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு கடையில், இதுதான் உயர்ந்த ரகம் என்று சொன்னதை நம்பிச் சேவலின் கழுத்துத் தோல் ஒன்று வாங்கினேன், அந்த மாதக் கரண்ட் பில்லையும் தண்ணீர் பில்லையும் கட்டியிருக்கலாம் அந்தக் காசில், ஓர் இறகுகூட க்ரேஃபிஷுக்கு உதவவில்லை. வீட்டுச் சேவலின் முதுகு இறகு மெத்தென்று இருக்கும், அது போதும். சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, பையில் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வையுங்கள், இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும். கண்ணுக்கு மணிச் சங்கிலியில் இரண்டு மணியை வெட்டி, தண்டின் மேல்பக்கம் கட்டுங்கள். அந்தப் பாரத்தில் முள் நுனி மேலே திரும்பிவிடும், கல்லில் மாட்டுவது குறையும். கட்டி முடித்த நூல் முடிச்சுக்கு நிறமில்லாத நெயில் பொலிஷ் ஒரு சொட்டு. கட்டும்போது முள்ளை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் மட்டும் கடைக்கே போய், முள்ளை மாட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். வழுக்கினால் வைத்துவிட்டு வாருங்கள்.

பண்டாரவளை வாசகி: அண்ணா, அப்பா ஓய்வு பெற்றபின் ஆசையாகக் கேட்டாரென்று, முகநூலில் பார்த்து நூறு முள் வாங்கினேன். படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு. விரலால் இழுத்தாலே நிமிர்கிறது. கேட்டதும் என்னை ப்ளொக் செய்துவிட்டார்கள்.

தங்கச்சி, இதில் உங்கள் பிழை எதுவுமில்லை. பொய்யாகக் காட்டி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி குற்றம். அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், காசு போட்ட ரசீது, பார்சல் உறை, நிமிர்ந்த முள் நாலைந்து, எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அந்த அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசுங்கள், பேசியதோடு விடாமல் எழுத்திலும் அனுப்புங்கள், வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேரட்டும். அப்பாவுக்கு இப்போதைக்குப் பத்து முள் போதும். கடையில் ஒன்றை எடுத்து நகத்தில் மெதுவாக வைத்து இழுக்கச் சொல்லுங்கள், வழுக்காமல் பிடித்தால் கூர் சரி. பில்லைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்.

நானுஓயா வாசகர்: மீன்தொட்டிக் கடையில் நீல க்ரேஃபிஷ் விற்கிறார்கள். மாதிரிக்கு ஒன்று வாங்கி, கட்டி முடிந்ததும் ஓடையில் விட்டுவிடலாமா?

விடவே விடாதீர்கள். இந்த நாட்டு நன்னீர் நண்டுகளில் ஐம்பதளவு வகை உண்டு, கிட்டத்தட்ட எல்லாமே வேறெங்கும் இல்லாதவை, வெளியிலிருந்து வந்த க்ரேஃபிஷ் அவற்றுக்கு ஆபத்தாகலாம். படம் பார்த்துக் கட்டுங்கள்.